கொட்டுக்காளி சண்டையும், யாரும் பேசாத ஷோ டைமிங்கும்

வினோத்ராஜ் இயக்கிய கொட்டுக்காளி படத்தைப் பார்த்துவிட்டு உங்கள் நண்பர்களுக்குள் நடந்த சண்டையை வைத்து நீங்கள் கேட்டிருப்பது இது. சிவகார்த்திகேயன் பணம் போட்ட படத்தைச் சுயாதீன சினிமா என்று எப்படிச் சொல்வது? இந்தப் படங்கள் எல்லாம் வெளிநாட்டு விழாக்களுக்காகவே எடுக்கப்படுபவையா? நம் ஜனங்களுக்கு ரசனை இல்லாததால்தான் தியேட்டரில் ஓடுவதில்லையா? அப்புறம், எங்கிருந்து பார்க்க ஆரம்பிப்பது?

ரசனை பற்றிய கேள்விக்கு மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இல்லை. ஜனங்கள் மேல் பழி போடுவது சோம்பேறித்தனம். படத்துக்கும் பார்ப்பவருக்கும் நடுவில் இருக்கிற வழி அடைபட்டுக் கிடக்கிறது. நாம் லாங் ஷாட் பற்றி மணிக்கணக்கில் பேசுவோம், ஷோ டைமிங் பற்றிப் பேச மாட்டோம், ஏனென்றால் அது போரடிக்கும்.

சரி, எது சுயாதீனம்? பணம் யாருடையது என்பதை மட்டும் வைத்துப் பிரித்தால் உடனே சிக்கல் வரும். 2024 ஆகஸ்ட் 23 அன்று தமிழில் இரண்டு முக்கியமான படங்கள் ஒன்றாக வந்தன, வாழையும் கொட்டுக்காளியும். வாழை மாரி செல்வராஜ் தன் சொந்த நிறுவனம் மூலம், ஹாட்ஸ்டார் கூட்டோடு எடுத்தது. கொட்டுக்காளி ஒரு பெரிய ஹீரோவின் கம்பெனி எடுத்தது. பணக்கணக்கை மட்டும் பார்த்தால் இயக்குநர் தானே தயாரித்த வாழைக்குத்தான் அந்தப் பெயர் பொருந்த வேண்டும், ஆனால் உங்கள் நண்பர்கள் யாரும் அதை அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள். பாட்டு இருக்கிறது, சந்தோஷ் நாராயணன் இசை இருக்கிறது, ரஜினி கமல் ரசிகர் சண்டை இருக்கிறது, தியேட்டர் முழுக்க அழுகிறது. கொட்டுக்காளியில் பின்னணி இசையே கிடையாது. ஆட்டோவின் சத்தம், பைக் சத்தம், பூச்சிகள், தொண்டை கட்டிப்போன சூரியின் குரல், அவ்வளவுதான்.

நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான். எடிட் முடிந்த பிறகு "இங்கே ஒரு பாட்டு வையுங்கள், முடிவைக் கொஞ்சம் மாற்றுங்கள்" என்று சொல்லிச் செய்ய வைக்கும் அதிகாரம் இயக்குநரைத் தவிர வேறு யாரிடமாவது இருந்ததா? சூரி விடுதலையும் கருடனும் கொடுத்துவிட்டு நின்ற நேரம் அது. அவரை வைத்துக்கொண்டு இசை வேண்டாம், சண்டை வேண்டாம், கட்டிக்கொள்ளப்போகும் பெண்ணுக்குப் பேய் ஓட்டக் கிளம்பிய பாண்டி (சூரி) சாமியாரிடம் போய்ச் சேர்ந்தபின் என்ன செய்வான் என்பதையும் சொல்ல வேண்டாம் என்று ஒரு தயாரிப்பாளர் ஒத்துக்கொண்டிருக்கிறார் என்றால் அந்தப் படம் வினோத்ராஜின் படம்தான், செக்கில் கையெழுத்து யாருடையதாக இருந்தாலும். இதற்கு நேர் எதிரான கதையும் நடக்கும். கடன் வாங்கி எடுத்து, கடன்காரனுக்குப் பயந்து ஒரு குத்துப்பாட்டைச் சொருகிய சின்னப் படங்கள் எத்தனையோ. பட்ஜெட் சின்னது, அவ்வளவுதான், அவற்றுக்கு ஒரு சுதந்திரமும் கிடையாது.

இதில் காக்கா முட்டை எங்கே நிற்கிறது என்று கேட்பீர்கள். தனுஷும் வெற்றிமாறனும் தயாரித்தது, ஃபாக்ஸ் ஸ்டார் வெளியிட்டது, ஜி.வி. பிரகாஷ் இசை, சிம்புவே வந்து போகிறார். ஆனால் 2014இல் டொராண்டோ விழாவில் திரையிடப்பட்டு, தேசிய விருதும் வாங்கி, 2015 ஜூனில் தியேட்டருக்கு வந்து நன்றாகவே ஓடியது. சேரியில் இரண்டு பையன்கள் பீட்சா சாப்பிட ஆசைப்படும் கதையை, ஹீரோ இல்லாமல், ஜனங்கள் டிக்கெட் எடுத்துப் பார்த்தார்கள். ரசனை இல்லை என்று புலம்புகிறவர்கள் இந்தப் படத்தை ஏன் எப்போதும் மறந்துவிடுகிறார்கள் என்பது எனக்குப் புரிந்ததே இல்லை.

இந்தக் குழப்பம் புதிதும் இல்லை. தமிழில் 'மாற்று சினிமா' என்று பேச்சு ஆரம்பித்த காலத்திலிருந்தே யாருடைய பணத்தில் எடுப்பது என்பதுதான் பெரிய தலைவலி. ஜெயகாந்தன் 1965இல் உன்னைப்போல் ஒருவனைத் தானே எடுத்தார். சிங்கீதம் சீனிவாச ராவின் திக்கற்ற பார்வதி அரசின் ஃபிலிம் ஃபைனான்ஸ் கார்ப்பரேஷன் கடனில் வந்தது. ஜெயபாரதி குடிசை எடுத்தபோது பொதுமக்களிடம் கை நீட்டிக் காசு சேர்த்தார், 'க்ரவுட் ஃபண்டிங்' என்ற பேரெல்லாம் அப்போது யாருக்கும் தெரியாது. கே.எஸ். சேதுமாதவனின் மறுபக்கம் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தின் (என்.எஃப்.டி.சி.) தயாரிப்பு, இந்திரா பார்த்தசாரதியின் கதை, சிறந்த படத்துக்கான தேசிய விருதைத் தமிழுக்கு முதன்முதலில் வாங்கித் தந்தது அதுதான்.

பக்கத்தில் கேரளத்தில் இயக்குநர் ஜான் ஆபிரகாமும் அவருடைய ஒடேசா திரைப்படக் குழுவும் செய்தது இன்னும் பெரிய வேலை. ஊர் ஊராகப் போய்ப் படம் போட்டுக் காட்டி, துண்டு ஏந்திச் சேர்த்த காசில் 1986இல் அம்ம அறியான் எடுத்தார்கள், எடுத்த படத்தை மறுபடி அதே மாதிரி ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டினார்கள். இங்கே கவனிக்க வேண்டியது, காசு சேர்க்கும்போதே பார்வையாளர்களையும் சேர்த்துக்கொண்டார்கள் என்பதுதான். நம் ஊரில் காசு சேர்ப்பது வரைக்கும் வந்தோம், அடுத்த பாதியை விட்டுவிட்டோம். இத்தனைக்கும் அதே ஜான் ஆபிரகாம் 1977இல் தமிழிலேயே அக்ரகாரத்தில் கழுதை எடுத்தவர், அதன் திரைக்கதையை எழுதியவர் நம் விமர்சகர் வெங்கட் சாமிநாதன். அந்தப் படத்தைப் பற்றிப் பேசியவர்கள் ஆயிரம் பேர் என்றால் பார்த்தவர்கள் பத்துப் பேர் இருப்பார்களா என்பது சந்தேகம்.

வெளிநாட்டு விழாக்களுக்கு வருவோம். அங்கே போகும் படங்கள் வெள்ளைக்காரனுக்காக எடுக்கப்பட்டவை என்பது நம் ஊரில் அடிக்கடி கேட்கும் வசனம். இதில் கொஞ்சம் உண்மை உண்டு, அதை அப்புறம் சொல்கிறேன். ஆனால் முதலில் நடைமுறையைப் பாருங்கள். நெதர்லாந்தின் ராட்டர்டாம் விழாவில் ஹூபர்ட் பால்ஸ் ஃபண்ட் என்று ஒன்று 1988 முதல் இருக்கிறது, ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கா பக்கத்து இயக்குநர்களுக்குத் திரைக்கதை எழுதவும் படத்தை முடிக்கவும் உதவுகிறது. கோயம்புத்தூர் பையன் அருண் கார்த்திக் நஸீர் எடுக்க அந்த வழியில்தான் போனார், நெதர்லாந்துக் கம்பெனி ஒன்று கூட்டுத் தயாரிப்பில் வந்தது. படம் என்னவோ கோயம்புத்தூர்க் கதைதான். எழுத்தாளர் திலீப்குமாரின் 'ஒரு குமாஸ்தாவின் கதை'யிலிருந்து வளர்த்தது. ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் ஒரு முஸ்லிம் மனிதரின் ஒரு நாள். தண்ணீர் பிடிப்பது, சவரம், கடையில் புடவை எடுத்துப் போடுவது, மனைவிக்குக் கடிதம், பின்னாலேயே ஒலிபெருக்கியில் வெறுப்புப் பேச்சு கேட்டுக்கொண்டே இருக்கிறது. இந்தக் கதையைக் கோடம்பாக்கத்தில் எந்த ஆபீஸில் போய்ச் சொல்லி எத்தனை பேர் பணம் கொடுத்திருப்பார்கள்? பணம் அங்கே கிடைத்ததால் அங்கே போனார். இதை 'வெள்ளைக்காரனுக்கு எடுத்த படம்' என்றால், நம் ஆள் யாருக்கும் அதற்குப் பணம் போடத் துணிவில்லை என்பதையும் கூடவே சொல்ல வேண்டும்.

வினோத்ராஜின் முதல் படமான கூழாங்கல்லின் கதையையும் பாருங்கள். 2021 பிப்ரவரியில் ராட்டர்டாமில் டைகர் விருது, தமிழுக்கு அதுவே முதல் முறை. அந்த வருடம் இந்தியாவிலிருந்து ஆஸ்கருக்கும் அனுப்பினார்கள். மேலூர்ப் பக்கத்து வெயிலில் குடிகார அப்பனும் பையனும் நடந்து போகிற, ஒண்ணேகால் மணி நேரப் படம். வினோத்ராஜின் சகோதரிக்கு நேர்ந்த ஒரு விஷயத்திலிருந்து பிறந்த கதை என்று அவரே சொல்லியிருக்கிறார். நயன்தாராவும் விக்னேஷ் சிவனும் தயாரிப்பாளர்கள், யுவன் இசை. இத்தனை பெரிய பெயர்கள் பின்னால் நின்றும் சாதாரணத் தமிழ் ரசிகன் அதைச் சட்டபூர்வமாகப் பார்க்க முடிந்தது 2023 அக்டோபர் கடைசியில், சோனிலிவ்வில். இரண்டரை வருடத்துக்கும் மேல்! விருது வாங்கியபோது இருந்த ஆர்வம் அதுவரை நிற்குமா? பார்க்கவே கிடைக்காத படத்தைப் பார்க்கவில்லை என்று ஜனங்களைக் குறை சொல்லி என்ன பிரயோஜனம்?

இப்போது அந்தக் 'கொஞ்சம் உண்மை'. விழாவுக்குப் போகும் படங்களுக்கும் ஒரு ஃபார்முலா வந்துவிட்டது, அதை மறுப்பவர்கள் நிறையப் படம் பார்க்காதவர்கள். கேமரா நடப்பவரின் பிடரிக்குப் பின்னாலேயே போகும். யாரும் யாருக்கும் பதில் சொல்ல மாட்டார்கள். சட்டி பானை, ஈ, நாய். வறுமையை அழகாக ஃப்ரேம் செய்து வைப்பார்கள். கடைசியில் பத்து நொடி கருப்புத் திரை. ஹீரோ என்ட்ரிக்குக் காலைக் காட்டுவதற்கும் இதற்கும் சடங்கு என்ற அளவில் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. மெதுவாகப் போவதாலேயே ஒரு படம் ஆழமானதாகிவிடாது. கூழாங்கல்லில் அந்த நடை வேலை செய்கிறது என்றால், வெயிலும் தூரமும்தான் அங்கே கதை. அந்தப் பையன் பஸ் காசைக் கிழித்துப் போட்டதால்தான் இருவரும் நடக்கிறார்கள், ஒவ்வொரு அடியும் அவன் அப்பனுக்குக் கொடுக்கும் பதில். அதே நடையை வேறு ஒரு கதையில் கொண்டுபோய் வைத்தால் வெறும் நடைதான். கொட்டுக்காளியில்கூட நடுவில் சில இடங்கள் எனக்குத் தொய்வாகவே இருந்தன, இதைச் சொன்னால் சுயாதீன சினிமாவின் விரோதி என்று முத்திரை குத்தும் கூட்டம் ஒன்று உண்டு. அவர்கள் இந்தப் படங்களுக்கு உதவி செய்யவில்லை. நல்ல காரியம் மாதிரி ஆதரிக்கச் சொல்கிறார்கள், கோயில் உண்டியல் போல. ஒரு படத்தைப் படமாக மதிப்பது என்றால் அதைத் திட்டவும் இடம் கொடுப்பதுதான்.

கொட்டுக்காளி வந்த சமயத்தில் சினிமாக்காரர்களிலேயே சிலர், விழாக்களுக்குப் போன படத்தை நேராக ஓ.டி.டி.க்குக் கொடுத்திருக்கலாமே, வெகுஜனம் வரும் தியேட்டரில் எதற்குப் போட்டார்கள் என்று கேட்டார்கள். சூரியை நம்பி வந்தவன் ஏமாந்துதானே போவான் என்பது அவர்கள் வாதம். ஏமாந்தவர்கள் இருந்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் அதற்குக் காரணம் படத்தை எந்த அறிமுகமும் இல்லாமல் வழக்கமான ரிலீஸ் போலவே விட்டது. தியேட்டரில் விட்டதே தப்பு என்று சொல்ல மாட்டேன். பின்னணி இசை இல்லாத ஒரு படத்தின் ஒலி போனில் என்ன கேட்கும்? நல்ல ஒலி அமைப்பு உள்ள அரங்கில் பார்க்க வேண்டிய படம் என்று ஏதாவது இருந்தால் அது இதுதான்.

தியேட்டர் கணக்குக்கு வந்தால்தான் விஷயம் பிடிபடும். பெரிய படத்துக்கு விநியோகஸ்தர் எம்.ஜி. கொடுப்பார், அதாவது ஓடினாலும் ஓடாவிட்டாலும் இவ்வளவு என்று முன்பணம். சின்னப் படத்துக்கு அது கிடையாது, தயாரிப்பாளரே ஒரு விநியோகஸ்தரைப் பிடித்து, கமிஷனுக்கு வெளியிட வேண்டும். போஸ்டர், விளம்பரம், டிஜிட்டல் ப்ரொஜெக்ஷன் கம்பெனிக்குக் கட்ட வேண்டிய கட்டணம் எல்லாம் படம் திரையைத் தொடும் முன்பே கையை விட்டுப் போய்விடும். இந்தக் கட்டணத்தை எதிர்த்துத்தான் 2018 மார்ச்சில் தயாரிப்பாளர்கள் புதுப்பட ரிலீஸையே நிறுத்தி வைத்தார்கள், நினைவிருக்கலாம். பெரிய படத்துக்கும் சின்னப் படத்துக்கும் இந்தச் செலவு ஒரேயடியாக வித்தியாசப்படாது, பத்துப் பேர் வந்தாலும் ஆயிரம் பேர் வந்தாலும் கட்ட வேண்டியதைக் கட்டியே ஆக வேண்டும், அதனால் அடி விழுவது சின்னப் படத்துக்குத்தான்.

அப்புறம் ஷோ. மல்டிபிளெக்ஸில் காலை ஒன்பதரைக்கோ பத்து மணிக்கோ ஒரு காட்சி கொடுப்பார்கள், வேலைக்குப் போகிறவன் எப்படி வருவான்? வெள்ளிக்கிழமை கூட்டம் இல்லை என்றால் சனிக்கிழமை அதுவும் பறிபோகும். இந்தப் படங்களோ நாலு பேர் பார்த்து நாற்பது பேருக்குச் சொல்லித்தான் ஓட வேண்டியவை, அதற்கு இரண்டு வாரமாவது வேண்டும். பேச்சு பரவும் நேரத்தில் படம் அரங்கில் இருக்காது. மேற்குத் தொடர்ச்சி மலையை எடுத்துக்கொள்ளுங்கள், 2018 ஆகஸ்ட். விஜய் சேதுபதி தயாரிப்பு, இளையராஜா இசை. தேனிப் பக்கத்து மலையில் மூட்டை சுமக்கும் ஒருவன் சின்னதாக ஒரு நிலம் வாங்கப் பாடுபட்டு, கடைசியில் அதே நிலத்தில் காற்றாலைக்குக் காவலாளியாக உட்காருகிறான். நிலமில்லாதவர்களைப் பற்றித் தமிழில் வந்த மிகச் சிறந்த படங்களில் ஒன்று என்பது என் கருத்து, யாரோடும் வாதாடத் தயார். பாராட்டி எழுதாத பத்திரிகை இல்லை. ஆனால் நாலாவது நாள் விமர்சனம் படித்துவிட்டுக் கிளம்பியவர்களுக்குப் பக்கத்து ஊரில் படம் இல்லை.

சரி, ஓ.டி.டி. வந்துவிட்டதே? வந்தது, 2020 முதல் 2022 வரை கொஞ்சம் காற்றும் வந்தது. வஸந்தின் சிவரஞ்சனியும் இன்னும் சில பெண்களும், தமிழ் என்ற இயக்குநரின் சேத்துமானும் எல்லாம் அந்த அலையில் சோனிலிவ்வில் வெளிச்சம் பார்த்தவை. அதற்குப் பிறகு கம்பெனிகள் உஷாராகிவிட்டன. முதலில் தியேட்டரில் வெளியிடு, அங்கே என்ன வசூல் என்று பார்த்து விலை பேசலாம் என்கிறார்கள். தியேட்டரில் இடம் கிடைக்காததால் ஓ.டி.டி.யை நம்பினவனை மறுபடி தியேட்டர் வாசலுக்கே அனுப்பினால் அவன் எங்கே போவான்? முன்பணம் இல்லாமல், பார்க்கிற நிமிடத்துக்கு இவ்வளவு என்று கொடுப்பதும் உண்டு. அதை வைத்து அடுத்த படத்துக்கு டீ செலவு பார்க்கலாம்.

இந்த இடத்தில் அரசு என்று ஒன்று ஞாபகம் வர வேண்டும். கேரளத்தில் அரசுத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் பெண் இயக்குநர்களுக்கும் பட்டியலின, பழங்குடி இயக்குநர்களுக்கும் தலா ஒன்றரைக் கோடி வரை கொடுத்துப் படம் எடுக்க வைக்கிறது, ஸ்ருதி சரண்யத்தின் பி 32 முதல் 44 வரெ அப்படி வந்ததுதான். 2024 மார்ச்சில் சி ஸ்பேஸ் என்று சொந்தமாக ஒரு ஓ.டி.டி.யும் தொடங்கினார்கள். டிசம்பரில் திருவனந்தபுரம் விழாவுக்குப் போனால் ஈரான் படத்துக்கு வரிசையில் நிற்கும் கூட்டத்தைப் பார்க்கலாம், வயது வித்தியாசம் இல்லாமல் எல்லாரும் நிற்பார்கள். இதெல்லாம் மலையாளிகள் அறிவாளிகள் என்பதால் வந்தது இல்லை. அடூர் கோபாலகிருஷ்ணன் முதலானோர் 1965இல் தொடங்கிய சித்ரலேகா காலத்திலிருந்து ஃபிலிம் சொசைட்டி வேலை செய்து பழக்கிய கூட்டம். நம் மாநிலத்தில் 2009 முதல் 2014 வரையிலான அரசுத் திரைப்பட விருதுகளை 2017இல் அறிவித்து 2022இல் கையில் கொடுத்தார்கள். சின்னப் பட்ஜெட் படங்களுக்கு மானியம் என்று ஒன்றும் இருக்கிறது, இருக்கிறது.

தணிக்கையையும் ஒரு வரியில் சொல்லிவிடலாம். தனுஷ்கோடி மீனவர்களைப் பற்றிய லீனா மணிமேகலையின் செங்கடலுக்குச் சான்றிதழ் மறுக்கப்பட்டு, மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் போய்த்தான் 2011இல் வந்தது. அந்தத் தீர்ப்பாயத்தை 2021இல் கலைத்துவிட்டார்கள். இனி உயர் நீதிமன்றம்தான், வக்கீல் ஃபீஸுக்கே இன்னொரு படம் எடுத்துவிடலாம்.

உங்கள் நண்பர்களோடு மறுபடி உட்கார்ந்தால் எதைப் போட்டுக் காட்டுவது என்று கேட்டதற்கு: கூழாங்கல்லில் ஆரம்பிக்காதீர்கள், நஸீரிலும் வேண்டாம். இரண்டும் நல்ல படங்கள், ஆனால் கண் பழகிய பிறகு பார்த்தால்தான் பிடிக்கும். செழியனின் டு லெட் போடுங்கள். 2007இல் ஐ.டி. காசு வந்து சென்னை வாடகை எல்லாம் ஏறினபோது சினிமாவில் உதவி இயக்குநராக இருக்கும் ஒருவன் மனைவி, பையனோடு வீடு தேடுகிற கதை. என்ன சாதி, என்ன சாப்பிடுவீர்கள், சினிமாவா என்று ஒவ்வொரு வீட்டுக்காரரும் கேட்பார்கள். உங்கள் கூட்டத்தில் வாடகை வீடு தேடி அலைந்தவர் ஒருவராவது இருப்பார், இடைவேளைக்கு முன்பே பேச ஆரம்பித்துவிடுவார். அடுத்து சேத்துமான், பெருமாள்முருகன் கதை, பன்றிக்கறி தின்ன ஆசைப்படும் பண்ணையாரை வைத்துச் சாதியைப் பற்றி இவ்வளவு சாதாரணமாகவும் சிரிப்பாகவும் பேசிய படம் தமிழில் குறைவு, கடைசி பத்து நிமிடத்தில் அந்தச் சிரிப்பெல்லாம் போய்விடும். அதற்குப் பிறகு மேற்குத் தொடர்ச்சி மலை. இந்த மூன்றும் உள்ளே இறங்கிய பிறகு கொட்டுக்காளியை இன்னொரு முறை, முடிந்தால் ஹெட்போனோடு பாருங்கள்.

சென்னையில் இருந்தால் வீட்டோடு நிற்க வேண்டாம். டிசம்பரில் நடக்கும் சர்வதேசத் திரைப்பட விழாவுக்கு ஒரு பாஸ் எடுங்கள், மாணவராக இருந்தால் இன்னும் குறைவு. வருடம் முழுக்கப் படம் போட்டு உட்கார்ந்து பேசும் சின்னக் குழுக்களும் நகரத்தில் இருக்கின்றன, தேடினால் கிடைக்கும். அடுத்த முறை இப்படி ஒரு படம் தியேட்டருக்கு வந்தால் வெள்ளிக்கிழமையே போங்கள், ஓ.டி.டி.யில் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். முதல் மூன்று நாள் டிக்கெட் விற்பனையைப் பார்த்துத்தான் திங்கட்கிழமை எந்த ஷோ இருக்க வேண்டும், எதைத் தூக்க வேண்டும் என்று முடிவு செய்கிறார்கள். பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்றே எழுதுங்கள், ஆனால் எந்தக் காட்சி ஏன் பிடிக்கவில்லை என்று எழுதுங்கள். 'அவார்டு படம், தூக்கம் வருது' என்று எழுதினால் எடுத்தவருக்கும் பயனில்லை, பார்க்கலாமா என்று யோசிப்பவருக்கும் பயனில்லை.